ஆறாம் வகுப்புக்கு ஒன்றிய நடுநிலைப் பள்ளியா, மெட்ரிக்கா?

மகள் ஐந்தாம் வகுப்பு வரை தனியார் மெட்ரிக் பள்ளியில் படித்தாள். ஆறாம் வகுப்புக்கு எங்கள் ஊர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் சேர்த்தோம். இப்போது ஏழாம் வகுப்பு. இதே யோசனையில் இருக்கும் பெற்றோருக்காக எழுதுகிறேன். என் சாய்வு ஒன்றியப் பள்ளிப் பக்கம்தான்.

கட்டணம், சீருடை, சத்துணவு எல்லாம் தெரிந்த விஷயம். பாடநூலும், சமச்சீர் கல்வி வந்த பிறகு, இரண்டு இடத்திலும் ஒன்றுதான். மெட்ரிக்கில் அதற்கு மேல் சில தனியார் புத்தகங்கள் சேரும், அவ்வளவே.

எங்களை முடிவெடுக்க வைத்தது வேறு. தமிழ்நாட்டில் ஆறாம் வகுப்பு என்பது ஒரு வாசல். மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020இல் வந்தது. பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் ஆகியவற்றுக்கு 2021இல் விரிந்தது. இதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தை அரசே ஏற்கிறது. நிபந்தனை ஒன்றுதான்: 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். நடுவில் ஒரே ஒரு வருடம் தனியாரில் படித்தாலும் போச்சு. பத்தாம் வகுப்பு வரை மெட்ரிக், பிறகு மேல்நிலைக்கு மட்டும் அரசுப் பள்ளி என்று திட்டமிடுபவர்களுக்கு இது கிடைக்காது. தனியார் பள்ளியில் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டப்படி கிடைக்கும் இலவச இடத்தில் எட்டு வரை படித்து, ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளிக்கு வருபவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. பெண் பிள்ளைகளுக்குக் கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய் என்று 2022இல் தொடங்கிய புதுமைப்பெண் திட்டமும் ஆறாம் வகுப்பிலிருந்தே கணக்குப் பார்க்கிறது.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். அரசு உதவிபெறும் பள்ளியையும் அரசுப் பள்ளியாகவே நினைத்துச் சேர்ப்பவர்கள் நிறைய. 7.5க்கு அது செல்லாது. நகராட்சி, மாநகராட்சி, ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் செல்லும். பெயர்ப் பலகையை மட்டும் பார்க்காமல் தலைமை ஆசிரியரிடமே கேட்டுவிடுவது நல்லது.

அடுத்தது எட்டாம் வகுப்பில் எழுதும் என்.எம்.எம்.எஸ். என்ற மத்திய அரசு உதவித்தொகைத் தேர்வு. தேர்ச்சி பெற்றுத் தேர்வாகும் பிள்ளைகளுக்கு ஒன்பது முதல் பன்னிரண்டு வரை வருடம் 12,000 ரூபாய் உதவித்தொகை. குடும்ப ஆண்டு வருமானம் மூன்றரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். சுயநிதி மெட்ரிக் பிள்ளைகள் எழுதவே முடியாது. ஏழு, எட்டாம் வகுப்புப் பாடங்களோடு மனத்திறன் கேள்விகளும் உண்டு. எங்கள் பள்ளியில் ஏழாம் வகுப்பிலேயே மாலையில் அரை மணி நேரம் உட்கார வைத்துப் பழக்குகிறார்கள். வகுப்பில் பிள்ளைகள் குறைவு என்பதால் எந்தப் பிள்ளைக்கு வகுத்தல் வரவில்லை என்று கணக்கு டீச்சருக்கு நன்றாகத் தெரியும். மெட்ரிக்கில் இருந்தபோது அந்தக் குறையைச் சரிசெய்ய வெளியே டியூஷன்தான் கதி. அரசுப் பள்ளிகளில் அறிவியல், கணக்குச் செயல்பாடுகளுக்காக நடக்கும் வானவில் மன்றத்தின் கருத்தாளர் வந்து அறிவியல் சோதனை செய்துகாட்டிய நாளில் மகள் வீட்டில் எலுமிச்சம்பழத்தை ஒன்றுகூட விட்டுவைக்கவில்லை.

மெட்ரிக் பக்கம் நிஜமாகவே பலம் இருக்கிறது. ஆங்கிலத்தில் கூச்சமில்லாமல் பேசும் பழக்கம் அங்கேதான் வந்தது. இங்கே அது கொஞ்சம் மங்குகிறது, வீட்டில் நாங்கள் பேச்சுக் கொடுத்து ஈடுகட்டப் பார்க்கிறோம். கணினி வகுப்பும் அங்கே ஒழுங்காக நடந்தது. ஓவியம், உடற்கல்வி, தையலுக்கு இங்கே வருபவர்கள் பகுதிநேர ஆசிரியர்கள், வாரத்தில் மூன்று அரை நாள்தான். அவர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை. 2012இலிருந்து சொற்பச் சம்பளத்தில் வந்துகொண்டிருப்பவர்கள் உண்டு.

எல்லா ஒன்றியப் பள்ளியும் இப்படித்தான் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். எனக்குத் தெரிந்தது ஒரு பள்ளி, அதுவும் ஏழாம் வகுப்பு வரை. கணக்குக்கும் அறிவியலுக்கும் பட்டதாரி ஆசிரியர் பணியிடம் காலியாக இருந்தால் நானே சேர்த்திருக்க மாட்டேன். முதலில் அதைக் கேளுங்கள். ஆங்கில வழிப் பிரிவு இருக்கிறதா, பள்ளி மேலாண்மைக் குழு மாதம் தவறாமல் கூடுகிறதா என்பது அப்புறம். நடுநிலைப் பள்ளி எட்டோடு முடிந்துவிடும் என்பதால், ஒன்பதாம் வகுப்புக்குப் பக்கத்தில் எந்த அரசுப் பள்ளி, பேருந்து எத்தனை மணிக்கு என்பதையும் இப்போதே பார்த்து வையுங்கள். அந்த இடத்தில் வசதிக்காகத் தனியாருக்கு மாறினால் 7.5, உதவித்தொகை இரண்டும் கைவிட்டுப் போகும்.