வீட்டுப் புரொஜெக்டருக்குப் பல்சக்கரம் கடைந்த முதுநகர் லேத் பட்டறை

கடலூர் முதுநகரில், விசைப்படகு எஞ்சின்களின் தண்டுகளையும் புஷ்களையும் கடைந்து கொடுக்கும் லேத் பட்டறை ஒன்றில், நான் வீட்டில் கட்டிவரும் 35 மி.மீ. பிலிம் புரொஜெக்டருக்கு, பிலிமைப் படம் படமாக நகர்த்தும் மால்டீஸ் கிராஸ் பொறியைச் செய்து வாங்கினேன். லென்ஸ் புதுச்சேரி எம்.ஜி. ரோடு சண்டே மார்க்கெட்டில் கிடைத்தது. பெட்டியை நானே பிளைவுட்டில் அடித்தேன். ஃப்யூஸ் போன பல்பில் தண்ணீர் நிரப்பி, பிலிம் துண்டைச் சுவரில் காட்டி விளையாடியவர்களுக்கு இதுவரை கடினமில்லை. படத்தை ஓடவைப்பதுதான் கடினம்.

புரொஜெக்டரில் ஒவ்வொரு படமும் ஒளி பாயும் சட்டமான கேட்டில் அசையாமல் நின்று, ஒளி பட்ட பிறகே சட்டென்று இறங்க வேண்டும். மால்டீஸ் கிராஸ் பொறியில், சுழலும் ஒற்றை முளை ஒரு சுற்றுக்கு ஒரு முறை, நான்கு பிளவுள்ள சக்கரத்தைக் கால் வட்டம் தள்ள, அதே அச்சிலுள்ள 16 பல் சக்கரத்தில் நான்கு பற்கள் நகர்ந்து, பிலிம் ஓரத்தின் நான்கு துளை உயரமுள்ள ஒரு படம் மாறுகிறது. நொடிக்கு 24 படங்கள் என்றால், இறங்குவதற்குக் கிடைப்பது நொடியில் 96-இல் ஒரு பங்கு. 21 மி.மீ. அகலப் படத்தை 2.1 மீட்டர் துணியில் வீழ்த்தும்போது, அச்சில் 0.05 மி.மீ. ஆட்டம் இருந்தாலும் திரையில் 5 மி.மீ. நடுக்கமாகத் தெரியும்.

இந்தப் பட்டறையின் மேஸ்திரி இதற்குமுன் புரொஜெக்டரைத் திறந்து பார்த்தவரல்லர். ஆயினும் என் வரைபடத்தில் இரு அச்சுகளின் இடைவெளி குறைவாக இருப்பதைக் காம்பஸ் வைத்தே கண்டுபிடித்து, "முளை நேரா நுழையலன்னா தட்டிக்கிட்டே இருக்கும் சார்" என்றார். முளை சுற்றும் வட்டத்தின் ஆரத்தைப் போல் 1.414 மடங்கு இருக்க வேண்டிய இடைவெளி அது. நிமிடத்துக்கு 1440 சுற்று சுற்றும் மோட்டார் ஒன்றையும் அவரே எடுத்துக் காட்டினார். 24-ஐ 60-ஆல் பெருக்கினால் வருவதும் 1440 என்பதால், பெல்ட் இல்லாமல் நேராகவே இணைத்துவிட்டோம்.

குறைகளும் உண்டு. பத்து நாளில் தருவதாகச் சொன்ன வேலை மூன்று வாரம் இழுத்தது, ரசீது கிடையாது. பற்களின் ஓரத்தில் பிசிறு நின்றதால், பிலிம் கிழியாமலிருக்க 800 எமரித் தாளால் நானே தேய்க்க நேர்ந்தது. முதல் பல்சக்கரம் பொருந்தாததற்கு மட்டும் பழி என்மீதுதான்: காடி வாடை அடிக்கும் பழைய அசிடேட் பிலிம் துண்டை அளவுக்குக் கொடுத்திருந்தேன், அந்த நிலையில் பிலிம் சுருங்கிவிடும். துளைக்குத் துளை 4.75 மி.மீ. என்று எழுதிக் கொடுத்ததும், ஏறத்தாழ 24 மி.மீ. விட்டத்தில் வேறொன்றைக் கூடுதல் கூலி வாங்காமல் கடைந்து தந்தார்.

போக நினைப்பவர்கள் ஏப்ரல் 15 முதல் 61 நாள் நீடிக்கும் மீன்பிடித் தடைக்காலத்தைத் தவிர்த்துவிடுங்கள். அப்போது கரையேறிய படகுகளின் வேலையே பட்டறையை நிறைத்திருக்கும்.