பாமாலையா, கீர்த்தனையா? ஞாயிறு ஆராதனைக்கான பாடல் தெரிவு

தென்னிந்தியத் திருச்சபை ஆலயங்களில் ஞாயிறு ஆராதனைக்குப் பாடல் தெரிவு செய்பவர், அன்றைய திருமறைப் பகுதிகளை வாசித்த பின்பே பாட்டுப் புத்தகத்தைத் திறக்க வேண்டும். மேலைநாட்டு மெட்டில் அமைந்த பாமாலை, ஆர்கன் இசையோடு நான்கு குரல்களில் ஒலிக்கும்போது பவனிக்கு மிகவும் பொருந்துகிறது; ஆனால் மெட்டுக்காகக் குறில் நெடிலாக நீளும் இடங்களில், புதிதாக வருபவருக்குப் பொருள் பிடிபடுவதில்லை.

கீர்த்தனையோ, தஞ்சைக் கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) போன்றோரின் கையில் பல்லவி, அனுபல்லவி, சரணம் என நம் இசை மரபிலேயே வளர்ந்தது. பல்லவி திரும்பத் திரும்ப வருவதால், எழுத்து தெரியாத பாட்டியும் இரண்டாம் சரணத்திற்குள் சேர்ந்து பாடிவிடுகிறார். சரணங்கள் பல இருக்குமாதலால், காணிக்கை நேரத்திற்கு எவற்றைப் பாடுவது என்பதை ஒத்திகையிலேயே முடிவு செய்துவிட வேண்டும். பிரசங்கத்திற்கு முன்பு கீர்த்தனையையே நான் பரிந்துரைப்பேன்.