கம்பெனி சைலன்சரா, ஃப்ரீ ஃப்ளோவா? எண்ணூர் சாலையில் பெட்ரோல் கணக்கு

திருவொற்றியூரில் கார் வைத்திருப்பவர்களுக்கு முதலில் பல்லைக் காட்டுவது சைலன்சர்தான். வெளியே கடற்காற்றின் உப்பு அரிக்கிறது, உள்ளே தண்ணீர் அரிக்கிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீரும் உண்டாகிறது. நெடுந்தூரம் ஓடும் வண்டியில் அது ஆவியாகப் போய்விடும். தேரடிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் மட்டும் போய்வரும் வண்டியில் சைலன்சரின் பின்பகுதி முழுதாகச் சூடேறுவதே இல்லை. தண்ணீர் அங்கேயே தேங்கித் தகட்டைத் தின்கிறது.

என் 1.2 லிட்டர் பெட்ரோல் காரிலும் அதுதான் நடந்தது. அடியில் தண்ணீர் வடிவதற்கென்று கம்பெனியே விட்டிருந்த சிறு துளை, விரல் நுழையும் ஓட்டையாகிவிட்டது. ஸ்க்ரூடிரைவரால் தொட்டால் துரு செதில் செதிலாக உதிர்ந்தது. பற்றவைத்து ஒட்டிய தகடு மழைக்காலம் வரைகூடத் தாங்கவில்லை. புதிதாகக் கம்பெனி சைலன்சரே வாங்குவதா, ஃப்ரீ ஃப்ளோ, அதாவது வாயு தடையில்லாமல் வெளியேறும் அகலக் குழாய் போடுவதா என்ற கேள்வி அப்போதுதான் வந்தது. இதே மாடல் வண்டி வைத்திருக்கும் என் மைத்துனர் இன்ஜினோடு இணையும் முன்குழாயான ஹெட்டரிலிருந்து வால்குழாய் வரை முழு செட்டையும் மாற்றியவர். "வண்டி தாராளமாக மூச்சு விடட்டும் மாமா, மைலேஜ் தானாக ஏறும்" என்றார். நான் கம்பெனி சைலன்சரையே வாங்கினேன். இன்று கேட்டாலும் அதையே சொல்வேன்.

ஃப்ரீ ஃப்ளோ போடும் சத்தமும் அதற்கான சட்டமும் எல்லோருக்கும் தெரிந்த கதை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவில் ஒலி, புகை வரம்பை மீறினால் 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. மூன்று மாதம் ஓட்டுநர் உரிமமும் போகும். விலையிலும் ஃப்ரீ ஃப்ளோதான் அதிகம். அந்தப் பணம் பெட்ரோலில் திரும்பி வருமா என்பதுதான் எனக்கு முக்கியம்.

ஃப்ரீ ஃப்ளோவின் அடிப்படை வாதம் பொய்யல்ல. எரிந்த வாயுவை வெளியே தள்ள இன்ஜின் சக்தியைச் செலவிடுகிறது. குழாய் அகலமாகி வளைவு குறைந்தால் அந்தச் செலவு குறையும். ஆனால் அது கணக்கில் வருவது ஆக்சிலரேட்டரை அடிவரை மிதித்து இன்ஜினை 5,000 ஆர்.பி.எம்.முக்கு (நிமிடத்துக்கு 5,000 சுற்று) மேல் சுழற்றும்போது. எண்ணூர் விரைவுச் சாலையில், துறைமுகத்துக்குக் காத்திருக்கும் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே, அந்த வேகத்தை எங்கே காண்பது? முதல் கியர், இரண்டாம் கியர், கிளட்ச், பிரேக் என்று ஊரும்போது இன்ஜின் 1,500 ஆர்.பி.எம்.மைச் சுற்றியே நிற்கிறது. வெளியேறும் வாயு மிகக் குறைவு. கம்பெனி குழாய்க்கே அது தாராளம்.

இன்னொன்றும் உண்டு. மெதுவாகப் போகும்போது பெட்ரோல் இன்ஜின் மூச்சுத் திணறுவது வெளியே விடும் பக்கத்தில் இல்லை, உள்ளே இழுக்கும் பக்கத்தில். த்ராட்டில் கதவு ஏறக்குறைய மூடியிருக்க, அந்த இடுக்கு வழியாகக் காற்றை இழுப்பதில்தான் சக்தி வீணாகிறது. பின்னால் எவ்வளவு அகலக் குழாய் போட்டாலும் முன்னால் இருக்கும் அந்த இடுக்கு அகலப்போவதில்லை. நெரிசலில் நிற்கும்போதோ இன்னும் மோசம். இந்த அளவு இன்ஜின் ஏ.சி. போட்டு நின்றால் மணிக்கு அரை லிட்டரைத் தாண்டிக் குடிக்கும், ஓடிய தூரம் பூஜ்யம். நம் பெட்ரோல் போகும் வழி இதுதான். சைலன்சரை மாற்றி இதை மிச்சம் பிடிப்பது யானைப் பசிக்குச் சோளப்பொரி.

இதற்கு என் பழைய சைலன்சரே சாட்சி. ஓட்டை விழுந்த சைலன்சரும் ஒரு வகையில் ஃப்ரீ ஃப்ளோதானே? வாயு தடையில்லாமல் பாதியிலேயே வெளியேறியது, தெருவே திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தம் வந்தது. மைலேஜ் மட்டும் அசையவில்லை. ஒரே பங்க்கில், நாசில் தானாக நிற்கும் வரை டேங்க்கை நிரப்பி, அடுத்த முறை நிரப்பும்போது ஓடிய தூரத்தை லிட்டரால் வகுத்துப் பார்க்கும் பழக்கம் எனக்கு உண்டு. ஓட்டைக்கு முன்னும் பின்னும், புதிய சைலன்சர் வந்த பிறகும், வேறுபாடு அன்றாட நெரிசலின் ஏற்ற இறக்கத்துக்குள்ளேயே அடங்கிவிட்டது.

"போட்டதும் மைலேஜ் கூடியது" என்று சொல்பவர்களையும் நான் பொய்யர் என்று சொல்லமாட்டேன். புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வர்ட்டர் உள்ளே உருகியோ கரிபிடித்தோ அடைத்திருந்தால் மைலேஜ் உண்மையாகவே விழும். அதைக் கழற்றிப் புதிய குழாய் போட்டால் ஏறும். அந்தப் பெருமை அடைப்பு நீங்கியதற்கு உரியது. கம்பெனி பாகத்தையே புதிதாகப் போட்டிருந்தாலும் அதே பலன் கிடைத்திருக்கும்.

கன்வர்ட்டருக்குப் பின்னால் மட்டும் மாற்றினால் மைலேஜுக்கு லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. ஹெட்டரைத் தொடும்போதுதான் ஆபத்து. அங்கே இருக்கும் ஆக்சிஜன் சென்சார் சொல்வதை நம்பித்தான் ஈ.சி.யு. என்ற இன்ஜின் கணினி ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற எடைக் கணக்கைக் காக்கிறது. சென்சாருக்கு முன்னால் உள்ள இணைப்பில் மயிரிழை அளவு கசிவு இருந்தாலும் வெளிக்காற்று உள்ளே புகுந்துவிடும். காற்று அதிகம் என்று சென்சார் தவறாகச் சொல்ல, ஈ.சி.யு. பெட்ரோலைக் கூட்டிவிடும். மைத்துனரின் வண்டியில் ஹெட்டர் இணையும் இடத்தில், கசிவைத் தடுக்கும் கேஸ்கெட்டின் ஓரமாக மை தீட்டியதுபோல் ஒரு கரிக்கோடு இருந்தது. கேஸ்கெட்டை மாற்றிப் போல்ட்டுகளை முறையாக முறுக்கிய பிறகுதான் அவருடைய மைலேஜ் பழைய நிலைக்கு வந்தது. நம் வேகத்தடைகளிலும் பள்ளங்களிலும் தாழ்ந்து தொங்கும் குழாய் இடிபடும்போதெல்லாம் அந்த இணைப்பு தளர வாய்ப்பு உண்டு. ஃப்ரீ ஃப்ளோவின் பராமரிப்பு என்பது பெரும்பாலும் இதுதான்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். 304 தர ஸ்டெயின்லெஸ் குழாய் என்றால் கடற்காற்றுக்குக் கம்பெனி சைலன்சரைவிட நன்றாக ஈடுகொடுக்கும். துருவுக்காகவே அதை வாங்குகிறேன் என்பவரிடம் நான் வாதாட மாட்டேன்.

மாதவரம் தாண்டி கொல்கத்தா நெடுஞ்சாலையில் நாள்தோறும் ஓடுபவர்களுக்கும் என் முடிவு பெரிதாக மாறாது. ஐந்தாம் கியரில் சீராகப் போகும்போதும் த்ராட்டில் பாதிகூடத் திறந்திருக்காது. காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ வண்டிக்கு மட்டும் இந்தக் கணக்கை அப்படியே பொருத்த மாட்டேன். என் அனுபவம் டர்போ இல்லாத சிறிய பெட்ரோல் இன்ஜினோடு நிற்கிறது. ஏற்கெனவே ஹெட்டர் போட்டிருப்பவர்கள் காலையில் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்து, வால்குழாயைத் தடித்த துணியால் ஒரு நொடி அடைத்துப் பாருங்கள். முன்பக்கம் "டிக் டிக்" என்றோ "புஸ்" என்றோ சத்தம் கேட்டால் கேஸ்கெட்டை மாற்றிவிடுங்கள்.