டேலியோடு பதினெட்டு வருடம்

தீபாவளிக்கு முந்தைய வாரம். மேசை மேல் கொள்முதல் பில் ஒரு கட்டு. திரையில் டேலி, கடைக் கணக்கு எழுதும் மென்பொருள். கண் பில்லில் இருக்கிறது, கை கீபோர்டில் ஓடுகிறது. எஃப்9 அழுத்தினால் பர்ச்சேஸ். எஃப்2 அழுத்தி வெறும் 5 என்று அடித்து என்டர் தட்டினால் நடப்பு மாதம் 5-ஆம் தேதி என்று அதுவே எடுத்துக்கொள்ளும். பில் நம்பர், பார்ட்டி பெயரில் முதல் மூன்று எழுத்து, சரக்கு, அளவு, ரேட், கன்ட்ரோல் ஏ. அடுத்த பில். பார்ட்டி புதுசா? பில்லை மூட வேண்டாம், அங்கேயே ஆல்ட் சி போட்டு அவர் பெயரில் ஒரு லெட்ஜர், அதாவது தனிக் கணக்கு, திறந்துவிட்டு விட்ட இடத்துக்கே வரலாம். மவுஸ் எங்கே கிடக்கிறது என்றுகூடத் தெரியாது.

ஈரோட்டில் நான்கு கடைகளுக்குப் பார்ட் டைமாகக் கணக்கு எழுதுகிறேன். இரண்டு ஜவுளி மொத்தக் கடை, ஒரு மஞ்சள் மண்டி, ஒரு ஹார்டுவேர் கடை. 2006-இல் டேலி 7.2-இல் விரல் வைத்தவன். அப்புறம் அதன் அடுத்தடுத்த பதிப்புகளான டேலி 9, ஈஆர்பி 9, இப்போது பிரைம். உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று யோசித்தால் மலைப்புதான்: ஸ்டாக், பாக்கி, பேங்க் சரிபார்ப்பு, சம்பளம், டிடிஎஸ், ஜிஎஸ்டி. இவ்வளவையும் வைத்துக்கொண்டு, பிளஸ் டூ படித்த பையன் ஒரு வாரத்தில் பில் போடும் அளவுக்குத் திரையை எளிமையாக வைத்திருக்கிறார்களே, அதைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். விலை, லைசென்ஸ் விவகாரமெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

முதலில் ஒரு பழைய கதை. 1986-இல் பெங்களூரில் ஷியாம் சுந்தர் கோயங்கா என்பவர் ஆலைகளுக்கு மூலப்பொருளும் இயந்திர உதிரிபாகங்களும் விற்றுக்கொண்டிருந்தார். அவர் வியாபாரத்துக்குத் தோதான கணக்கு மென்பொருள் கிடைக்கவில்லை. கணிதம் படித்த மகன் பரத் கோயங்காவிடம் சொல்ல, மகன் எழுதியதுதான் டேலி. நூற்பாலைகளும் அவர்களுடைய வாடிக்கையாளர்கள் என்பதால், ஜவுளி ஊர்க்காரனான எனக்கு இந்தக் கதையில் கொஞ்சம் சொந்தம் உண்டு. அந்தக் காலத்து மென்பொருள்களில் ஒவ்வொரு கணக்குக்கும் ஒரு குறியீட்டு எண் இருக்கும், அதை மனப்பாடம் செய்ய வேண்டும். டேலியில் பெயரை எழுதினால் போதும். பேரேட்டில் கணக்குப்பிள்ளை பெயர் எழுதித்தானே தலைப்புப் போடுவார்? அதையே மெஷினுக்குள் கொண்டுவந்தார்கள். இன்று இது சாதாரணமாகத் தெரியும். ஆனால் நினைவில் வைத்துக்கொள்ளும் வேலையை ஆளிடமிருந்து எடுத்து மெஷினிடம் கொடுத்தது அங்கேதான் தொடங்கியது.

திரையில் இன்னொரு சின்ன விஷயம், பல பேர் வருடக்கணக்கில் கவனிக்காதது. வலது பக்கப் பட்டியில் எழுத்துக்குக் கீழே ஒரு கோடு இருந்தால் ஆல்ட் சேர்த்து அழுத்த வேண்டும், இரண்டு கோடு இருந்தால் கன்ட்ரோல். கோடே இல்லாவிட்டால் அந்தக் கீ மட்டும். நான்கு வருடம் டேலி ஓட்டிய பிறகுதான் இது எனக்கே உறைத்தது. அதுவரை அதை ஏதோ அலங்காரம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

2020 நவம்பரில் பிரைம் வந்தது. எனக்குக் கொஞ்சம் கிலிதான். ஜிஎஸ்டி வந்த 2017 ஜூலையில் பட்ட பாடு மனதில் பசுமையாக இருந்தது. அப்போது மாறியது சட்டம், இப்போது மாறுவது திரை. கைக்குத் தெரிந்த வழியெல்லாம் போய்விடுமோ என்று பயம். ஈஆர்பி 9-இல் புது லெட்ஜர் திறக்க ஏ, எல், சி என்று மூன்று தட்டு. விரல் தானாகப் போகும். பிரைமில் ஏ தட்டினால் ஆல்டர், அதாவது இருப்பதைத் திருத்தும் இடம், திறந்துகொண்டது. அக்கவுன்ட்ஸ் இன்ஃபோ, இன்வென்டரி இன்ஃபோ என்ற பிரிவுகளையே எடுத்துவிட்டு, முகப்பிலேயே கிரியேட், ஆல்டர் என்று வைத்துவிட்டார்கள். என்ன செய்யப் போகிறாய் என்று முதலில் கேட்கிறது, எதை என்று பிறகு கேட்கிறது. புதிதாக வருகிறவருக்கு இது நேர்வழி. என் விரலுக்கு ஒரு மாதம் பிடித்தது.

ஆனால் எஃப்5 பேமென்ட், எஃப்6 ரசீது, எஃப்7 ஜர்னல், எஃப்8 சேல்ஸ், எஃப்9 பர்ச்சேஸ் இவற்றில் கை வைக்கவில்லை. ஒரு நாளின் வேலையில் முக்கால்வாசி இந்த ஐந்துக்குள் முடிந்துவிடும். வீட்டுக்கு வெள்ளையடித்தாலும் ஸ்விட்ச் போர்டு அதே இடத்தில் இருந்ததால் இருட்டிலும் நடக்க முடிந்தது.

நடக்க முடியாத ஓர் இடமும் இருந்தது. விற்ற சரக்கு திரும்பி வந்தால் போடுவது கிரெடிட் நோட். பழையதில் அதற்குக் கன்ட்ரோல் எஃப்8. பிரைமில் அது ஆல்ட் எஃப்6. சரி, மாற்றினார்கள், போகட்டும். ஆனால் கன்ட்ரோல் எஃப்8 சும்மா இல்லை, அதில் சேல்ஸ் ஆர்டர் வந்து உட்கார்ந்திருக்கிறது. லுங்கி ரிட்டர்ன் வந்த ஒரு பண்டலுக்கு நான் பழைய பழக்கத்தில் கன்ட்ரோல் எஃப்8 போட்டு, தலைப்பைப் பார்க்காமல் பாதி வரை அடித்துவிட்டேன். திரும்பி வந்த சரக்கு புது ஆர்டராக ஏறியிருக்கும். பார்க்காமல் அடித்தது என் தப்புதான். ஆனாலும், பழைய கீயைக் கொஞ்ச காலம் வேலை செய்யாமல் வைத்திருந்தால் கை உடனே விழித்துக்கொண்டிருக்கும். அன்றைக்கே ஒரு துண்டுச் சீட்டில் "கிரெடிட் நோட் - ஆல்ட் எஃப்6" என்று எழுதி மானிட்டர் ஓரத்தில் ஒட்டினேன்.

இதற்கு நடுவே ஒரு ஜவுளிக் கடை முதலாளி வேறொரு மென்பொருளுக்குப் போனார். பெயர் வேண்டாம். டெமோவில் பார்க்க அழகாக இருந்தது. கலர் கலராக ஐகான், வட்ட வட்டமாக வரைபடம். "இதுல எல்லாமே இருக்குதுங்க" என்றார். இருந்தது, அதுதான் தொந்தரவே. பில் போடும் திரையில் இருபது கட்டம், அதில் எங்களுக்கு வேண்டியது ஏழு. டேப் தட்டினால் அளவிலிருந்து ரேட்டுக்குப் போகாமல் டிரான்ஸ்போர்ட் கட்டத்துக்குத் தாவும். சேவ் செய்ய மவுஸ். சேவ் ஆனதும் "வெற்றிகரமாகச் சேமிக்கப்பட்டது" என்று ஒரு பெட்டி, அதை மூட இன்னொரு கிளிக். ஒரு பில்லுக்கு இரண்டு தடவை கை கீபோர்டை விட்டுப் போய்த் திரும்ப வேண்டும். சீசனில் நாளைக்கு இருநூறு பில் போட்டுப் பாருங்கள், மணிக்கட்டு சொல்லும். எட்டு மாதத்தில் டேலிக்கே திரும்பிவிட்டோம். அந்த மென்பொருளை வடிவமைத்தவர் ஒருநாள் கவுன்டரில் உட்கார்ந்து பில் போட்டிருந்தால் அந்தப் பெட்டியை வைத்திருக்கவே மாட்டார்.

பிரைமில் வேண்டாததை மறைத்து வைக்கும் விதம் எனக்குப் பிடித்திருக்கிறது. எஃப்11, எஃப்12 தட்டினால் முன்பு அமைப்புகள் ஒரு காடாகத் திறக்கும். இப்போது அவசியமான சில வரிகள் மட்டும் தெரியும், கீழே "இன்னும் காட்டவா" என்கிற மாதிரி ஒரு வரி. யெஸ் கொடுத்தால் மற்றவை வரும். இதிலும் ஒரு தடவை மாட்டிக்கொண்டேன். மஞ்சள் மண்டியில் பழைய ஞாபகத்தில் ஓர் அமைப்பைத் தேடி, இல்லவே இல்லை, எடுத்துவிட்டார்கள் என்று முடிவுகட்டி அரை மணி நேரம் போனது. அந்த ஒரு வரியை நான் படிக்கவில்லை, அவ்வளவுதான். மறைப்பது நல்லதுதான். மறைந்திருக்கிறது என்பது மட்டும் இன்னும் கொஞ்சம் பளிச்சென்று தெரியலாம்.

எல்லாவற்றிலும் பெரிய மாற்றம் ஆல்ட் ஜி. மேலே நடுவில் ஒரு தேடல் பெட்டி. எந்த ரிப்போர்ட் எந்த மெனுவுக்குள் இருக்கிறது என்று தெரிய வேண்டாம், பெயரில் நாலு எழுத்து அடித்தால் வந்து நிற்கும். முதலில் நான் இதை மதிக்கவில்லை. பாதை தெரியாதவர்களுக்கு வைத்த ஊன்றுகோல் என்று நினைத்தேன். பி.காம் முடித்துவிட்டு வேலைக்கு வந்த பெண் ஒருத்தி என் நினைப்பை மாற்றினாள். முதல் வாரம் "டெபிட் நோட் எங்கீங்கண்ணா?" என்று கேட்டவள், இரண்டாம் வாரத்திலிருந்து என்னிடம் கேட்பதையே நிறுத்திவிட்டாள். பாதி பில்லில் இருக்கும்போது முதலாளி கவுன்டரிலிருந்து குரல் கொடுத்தார்: "சேலத்துக்காரர் பாக்கி எவ்வளவுங்க?" அவள் ஆல்ட் ஜி தட்டினாள், லெட்ஜர் என்று அடித்தாள், தொகையைச் சொன்னாள், எஸ்கேப் தட்டினாள். பாதி பில் விட்ட இடத்தில் அப்படியே இருந்தது. நானாக இருந்தால் பழைய பழக்கத்தில் இரண்டாவதாக ஒரு டேலியைத் திறந்துகொண்டிருப்பேன். ஈஆர்பி 9 காலத்தில் நாங்கள் எல்லோரும் அப்படித்தான், டாஸ்க்பாரில் எப்போதும் இரண்டு டேலி நிற்கும்.

அப்புறம் வந்த பதிப்புகளில் வாட்ஸ்அப்பில் பில் அனுப்புவது, எக்செல்லிலிருந்து கணக்கை உள்ளே எடுப்பது, வரைபடத்தோடு டாஷ்போர்டு எல்லாம் சேர்ந்திருக்கின்றன. முதலாளிக்கு டாஷ்போர்டு பிடித்திருக்கிறது. வாட்ஸ்அப் எனக்கு உதவுகிறது. மற்றபடி பில் போடும் திரையில் இவை எதுவும் வந்து குறுக்கே நிற்காமல் இருப்பதே எனக்குப் போதும்.

ரிப்போர்ட்டுக்கு இப்போது நானும் ஆல்ட் ஜிதான். அந்தத் துண்டுச் சீட்டு மட்டும் இன்னும் மானிட்டர் ஓரத்தில் இருக்கிறது. பசை போய்விட்டது. போன மாதம் செலோடேப் போட்டு ஒட்டினேன்.