செம்பருத்தி நாற்றும் வளர்விளக்கும்: ஓராண்டுக்கு மேற்பட்ட அனுபவம்

வெயில் எட்டாத இடத்தில் செடி வளர்க்க உதவும், கிளிப் மாட்டிய எல்.இ.டி. வளர்விளக்கின் விலை இறங்கியிருப்பதைப் பார்த்த தோழி ஒருவர், வாங்கலாமா என்று கேட்டிருந்தார். வடக்குப் பார்த்த ஜன்னல் மட்டுமே உள்ள சென்னை அடுக்ககத்தில், கலப்பினச் செம்பருத்தி நாற்று ஒன்றை இதே விளக்கின் கீழ் ஓராண்டுக்கும் மேலாக வளர்த்து வருவதால், பதிலை விரிவாகவே எழுதுகிறேன்.

விதையிலிருந்து முளைத்த செம்பருத்தி பூக்க ஓராண்டோ அதற்கு மேலோ ஆகும். வெளிச்சம் குறைந்தால் வளர்ச்சி நலிந்துவிடும். நம் கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும் அறையில் சில நூறு லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம்தான் இருக்கும். நண்பகல் வெயிலோ 1,00,000 லக்ஸை எட்டும். ஜன்னலோரத்தில் என் நாற்று கணுவுக்குக் கணு நீண்டு சாய்ந்து, நகமளவு இலைகளோடு நின்றது. விளக்கை ஒரு சாண் உயரத்தில் பொருத்தி நாளுக்கு 12 மணி நேரம் எரியவிட்ட பிறகு, கணுக்கள் நெருங்கின. புதிய இலைகள் உள்ளங்கை அகலத்துக்கு, விளிம்பில் பல்வெட்டு தெளிவாகத் தெரிய, கரும்பச்சையாக மினுங்கின. இந்தப் பெருமை முழுவதும் விளக்கைச் சேராது. போர்வெல் தண்ணீரின் காரத்தன்மையால் நரம்பு மட்டும் பச்சையாக நிற்கத் தளிர்கள் வெளுத்தபோது, மழைநீரும், காரத்தன்மையிலும் வேர் எடுத்துக்கொள்ளக்கூடிய கிலேட் வடிவ இரும்புச் சத்துமே கைகொடுத்தன. வேர் நிறைந்த பின்னரே அடுத்த அளவுத் தொட்டிக்கு மாற்றியதால், வெயிலில்லாத அறையிலும் மண் ஈரம் கோத்து வேர் அழுகவில்லை.

ஆனால் விளக்கைத் தினமும் தானாக எரியவிட்டு அணைக்க அதிலேயே வைத்திருக்கும் டைமரை என்னால் மன்னிக்க முடியவில்லை. மின்சாரம் ஒரு நொடி போய் வந்தாலும் அது எல்லாவற்றையும் மறந்துவிடுகிறது. பொத்தானை யாராவது அழுத்தும் வரை விளக்கு எரிவதே இல்லை. அழுத்திய நேரத்திலிருந்துதான் 12 மணிக் கணக்கு தொடங்குகிறது என்பதால், இரவு 7 மணிக்கு வீடு திரும்பி அழுத்தினால் படுக்கையறையில் விடிய விடிய வெளிச்சம். பழைய நேரத்துக்குக் கொண்டுவர மறுநாள் காலை அணைத்து மீண்டும் அழுத்த வேண்டும். வெளியே தனி டைமர் வைத்தாலும் பயனில்லை; மின்சாரம் வந்தாலும் பொத்தானை அழுத்துவதற்காகவே விளக்கு காத்திருக்கிறது. காலை 9 மணி முதல் பிற்பகல் 2 மணி வரை பராமரிப்புக்காக மின்தடை செய்யும் ஊரில் விற்கும் பொருளை இப்படியா வடிவமைப்பது? ஒருமுறை நான் ஊருக்குப் போயிருந்தபோது மின்சாரம் போய் வந்திருக்கிறது. திரும்பி வந்து பார்த்தால், இருட்டில் கிடந்த செடியின் அடியிலைகள் எல்லாம் பழுத்துக் கொட்டியிருந்தன. பல மாத வளர்ச்சி அது.

நியாயமாகச் சொன்னால், விளக்கின் ஒளியில் குறையில்லை; ஒரு எல்.இ.டி.கூட இதுவரை அணையவில்லை. இப்போது கிளை நுனியில் முதல் மொட்டு திரண்டிருப்பதும் இதன் கீழ்தான். இருந்தும் தோழிக்கு என் பதில், விலை இன்னும் பாதியானாலும் வேண்டாம் என்பதே. சாதாரண 20 வாட் வெள்ளை எல்.இ.டி. டியூப்லைட்டையும், மின்தடையிலும் நேரம் தவறாத, பேட்டரி உள்ள டிஜிட்டல் டைமரையும் வாங்கிச் செடிக்கு நெருக்கமாகப் பொருத்துங்கள். மின்சாரம் திரும்பியதும் டியூப்லைட் தானாக எரியும்.