குன்னூரில் ஒரு விசா ஆலோசனை நிலையம்: உறவினர், நண்பர் வீடுகளில் தங்கச் செல்வோருக்கு

வெளிநாட்டில் ஓட்டலில் தங்காமல் பிள்ளைகள் வீட்டிலோ நண்பர் வீட்டிலோ தங்கப் போகிற நீலகிரி மக்களுக்கு, குன்னூர் பெட்போர்டு பகுதியில் ஒரு மாடியறையில் இயங்கும் சிறிய விசா ஆலோசனை நிலையத்தைத் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன். விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்ததோடு தங்கள் பணி முடிந்ததாக அவர்கள் கருதுவதில்லை; போய் இறங்கிய பிறகு அந்நாட்டுச் சட்டம் விருந்தினரிடமும் வீட்டுக்காரரிடமும் என்ன எதிர்பார்க்கிறது என்பதையும் தெளிவாக எழுதிக் கொடுக்கிறார்கள்.

நானும் என் மனைவியும் ஜெர்மனியில் மகள் வீட்டிலும், பின்னர் இத்தாலியில் பழைய நண்பர் ஒருவர் வீட்டிலும் தங்கத் திட்டமிட்டிருந்தோம். "டிக்கெட்டை அப்புறம் பார்க்கலாம் சார், யார் யார் வீட்டுல எத்தனை நாள்னு முதல்ல சொல்லுங்க" என்றுதான் அலுவலகப் பெண்மணி பேச்சைத் தொடங்கினார். இந்த ஊர் ஹோம்ஸ்டேக்களில் வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் இணையவழியில் அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும். அந்தப் பதிவு வேலையைப் பல வீடுகளுக்கு இவர்களே செய்து கொடுப்பதால், இடம் கொடுப்பவருக்கு உள்ள கடமை இவர்களுக்குப் பழகிய விஷயமாக இருக்கிறது.

எங்கள் பயணத்தில் ஜெர்மனியில்தான் அதிக நாள் என்பதால், ஷெங்கன் விசாவை (ஜெர்மனி, இத்தாலி உட்பட ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் பொதுவான குறுகிய கால விசா) அந்த நாட்டிடமே கேட்க வேண்டும் என்று முடிவாயிற்று. மகள் தன் ஊரிலுள்ள வெளிநாட்டவர் அலுவலகத்தில் வருமானச் சான்றுகளைக் காட்டி, எங்கள் செலவுக்குத் தானே பொறுப்பு என்று உறுதிமொழிப் பத்திரத்தில் கையெழுத்திட்டாள். அதன் அசல் இங்கே வந்து சேர வேண்டும் என்பதையும், கையெழுத்தான ஆறு மாதத்துக்குள் விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்பதையும் முன்பே சொல்லிவிட்டதால், கூரியருக்கான அவகாசம் விட்டுத் தேதி வைக்க முடிந்தது. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு வேண்டும் என்பதைப் பலரும் சொல்வார்கள்; எந்த 180 நாளை எடுத்தாலும் அதற்குள் 90 நாளுக்கு மேல் தங்கக் கூடாது, இறங்கும் நாளும் கிளம்பும் நாளும் கணக்கில் சேரும் என்பதைக் காலண்டரில் கோடிட்டுக் காட்டியது இங்கேதான். மூன்று மாதத்துக்குள் திரும்பிவிடும் விருந்தினர் ஜெர்மனியில் முகவரிப் பதிவு செய்ய வேண்டியதில்லை என்பதால், மகளுக்கு அந்த அலைச்சல் மிச்சமானது.

இத்தாலி விஷயத்தில்தான் அவர்களுடைய அக்கறையை முழுமையாகக் கண்டேன். அங்கே வெளிநாட்டவருக்கு வீட்டில் இடம் கொடுப்பவர் 48 மணி நேரத்துக்குள் எழுத்து மூலம் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1998ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. தவறினால் அபராதம் வீட்டுக்காரருக்கு. அது போக, ஜெர்மனி போன்ற வேறொரு ஷெங்கன் நாட்டிலிருந்து உள்ளே வருபவர்கள், எட்டு நாளுக்குள் தாங்களே காவல் தலைமையகத்தில் தங்கள் வருகையை அறிவிக்க வேண்டும். ஓட்டலில் தங்கினால் அங்கு இடும் பதிவே அந்த அறிவிப்பாக ஏற்கப்படும். நண்பர் வீட்டில் தங்குபவருக்கு அந்த வசதி கிடையாது. பல காலமாக அந்த நாட்டிலேயே வாழும் என் நண்பருக்கே இந்த இரண்டாவது விதி புதிய செய்தியாக இருந்தது. எந்த அலுவலகம், என்னென்ன நகல்கள் என்று ஒரே தாளில் தமிழில் எழுதித் தந்திருந்தார்கள். அந்தத் தாளை வைத்தே இரண்டு வேலைகளையும் சிக்கலின்றி முடித்தோம்.

என் மனத்தில் இந்த நிலையத்தின் மதிப்பை உயர்த்தியது வேறொரு சம்பவம். நான் அங்கே காத்திருந்தபோது, கோத்தகிரியிலிருந்து வந்த ஒரு மாணவி, பிரிட்டனில் ஒரு பண்ணை வீட்டில் வேலை செய்து கொடுத்து அதற்கு ஈடாக உணவும் இடமும் பெற்றுக்கொள்ளலாமா என்று கேட்டாள். வருகையாளர் விசாவில் அது வேலையாகவே கொள்ளப்படும், சம்பளம் இல்லை என்பதால் விலக்குக் கிடைக்காது, பதிவு பெற்ற அறக்கட்டளைக்குப் பயணத்தின் ஊடே 30 நாள்வரை செய்யும் தொண்டுக்கு மட்டுமே இடமுண்டு என்று விளக்கி, கட்டணம் வாங்காமல் அவளைத் திருப்பி அனுப்பினார்கள். 'சுற்றுலா என்று போட்டுவிடுவோம்' என்று சொல்லிப் பணம் வாங்குவோர் இருக்கும் தொழிலில், இந்த நேர்மைக்கு நான் தலைவணங்குகிறேன்.

குறைகளும் உண்டு. ஐரோப்பாவுக்குத் தரும் விரிவு ஆசிய நாடுகளுக்கு இல்லை. தாய்லாந்திலும் சீனாவிலும் வீட்டில் தங்கும் வெளிநாட்டவரை 24 மணி நேரத்துக்குள் பதிவு செய்ய வேண்டும். தாய்லாந்தில் அது வீட்டுக்காரர் பொறுப்பு, சீனாவில் விருந்தினரோ வீட்டுக்காரரோ காவல் நிலையத்தில் செய்ய வேண்டும். என் பக்கத்து வீட்டாருக்கு இதை வாய்மொழியாகச் சொன்னதோடு விட்டுவிட்டார்கள். எங்களுக்குத் தந்ததைப் போன்ற ஒரு தாள் அவர்களுக்கும் கிடைத்திருக்க வேண்டும். கட்டணப் பட்டியலையும் சுவரில் ஒட்டவில்லை, கேட்டால்தான் சொல்கிறார்கள். விரல்ரேகை கொடுக்க நீலகிரி எக்ஸ்பிரஸ் பிடித்துச் சென்னை வரை போக வேண்டிய முதியோருக்கு, முந்தைய ஷெங்கன் விசாவுக்குக் கொடுத்த ரேகை 59 மாதம்வரை செல்லும் என்பதை அவர்கள் முதல் சந்திப்பிலேயே சொல்லலாம். நாங்கள் கேட்ட பிறகே சொன்னார்கள். போகிறவர்கள் பழைய பாஸ்போர்ட்டையும், தங்கப் போகும் வீட்டுக்காரரின் முழு முகவரியையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.