கிரெடிட் நோட்டை வாங்கிக்கொண்டு வீடு திரும்பாதீர்கள்

பெங்களூரு அல்சூரில் பன்னிரண்டு ஆண்டுகளாகக் குடியிருக்கிறேன். கமர்ஷியல் ஸ்ட்ரீட்டில் பேரம் பேசித் துணி எடுக்கப் பொறுமை இல்லாத நாட்களில், இந்திரா நகரில் உள்ள ஒரு பெண்கள் ஆடைக் கடைக்குப் போவது வழக்கம். பல நகரங்களில் கிளைகள் உள்ள நிறுவனம் அது. குர்த்தா 1,000 ரூபாயில் தொடங்கி, துப்பட்டாவோடு சேர்ந்த செட் 3,000 வரை போகும். விலை ஒட்டியிருக்கிறது, ட்ரையல் ரூம் இருக்கிறது, பில் தருகிறார்கள் என்ற நம்பிக்கைதான். 2025 ஜூன் 1ஆம் தேதி, அண்ணியின் வளைகாப்புக்காக அங்கே 2,899 ரூபாய்க்கு ஒரு செட் எடுத்தேன். தள்ளுபடி இல்லாத முழு விலை.

எட்டாம் தேதி வளைகாப்பில், அண்ணிக்கு வளையல் போடக் கையை நீட்டியபோதே வலது அக்குளில் தையல் பிரிந்துவிட்டது. மீதி நேரம் முழுவதும் துப்பட்டாவைத் தோளோடு போர்த்திக்கொண்டு சமாளித்தேன். மறுநாள் அல்சூர் பஜாரில் வழக்கமாகத் தைக்கக் கொடுக்கும் தையற்காரரிடம் எடுத்துச் சென்றேன். அவர் குர்த்தாவை உள்புறமாகத் திருப்பி, பிரிந்த இடத்தை விரலால் விரித்துக் காட்டி, “இங்க பாருங்கம்மா, பிசிறு மேலயே தையல் ஓடியிருக்கு. மார்ஜினே விடல. நான் இதைப் பிடிச்சுத் தைச்சா கை இறுகிடும்” என்றார். இடது பக்கத்தில் அரை அங்குலம் துணி விட்டிருந்தது. வலது பக்கத்தில் நூலிழை அளவுகூட இல்லை. குறை உடுத்தியதில் இல்லை, வெட்டித் தைத்ததில் இருக்கிறது என்பதற்கு அதற்குமேல் சான்று வேண்டியதில்லை.

பத்தாம் தேதி கடைக்குப் போனேன். 15 நாட்களுக்குள் மாற்றிக்கொள்ளலாம், பணம் திருப்பித் தரப்படாது என்று பில்லின் பின்புறம் பொடி எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். மாற்றிக்கொள்ளலாம் என்றால், என் அளவில் அந்தச் செட் இல்லை. மற்ற ரேக்குகளும் பாதி காலி. கவுண்டரில் இருந்த பெண் முதலில் ‘மேடம்’ என்று கன்னடத்தில் பேசினார். நான் அலைபேசியில் தமிழ் பேசியதைக் கேட்டதும் குரலைத் தாழ்த்தி, “அக்கா, ரீஃபண்ட் போட எங்க சிஸ்டத்துல ஆப்ஷனே கிடையாது. நோட்டு வாங்கிக்குங்க, 45 நாள் டைம் இருக்கு” என்றார். அவர் மீது எனக்கு வருத்தமில்லை, சொல்லிக்கொடுத்ததைச் சொன்னார். பணத்துக்குப் பதிலாக, அதே தொகைக்கு அந்தக் கடையில் பிறகு துணி எடுத்துக்கொள்ளலாம் என்று தரும் சீட்டுதான் இந்த கிரெடிட் நோட்டு. நானும் அதை வாங்கிக்கொண்டேன். நான் செய்த தவறு அதுதான்.

நோட்டு ஜூலை 25 வரை செல்லும். ஆனால் ஜூன் 13 அன்று கடையில் சீசன் தள்ளுபடி தொடங்கியது. அது ஜூலை 27 வரை ஓடியது. தள்ளுபடி நாட்களில் கிரெடிட் நோட்டு செல்லாது என்பது நோட்டின் பின்புறத்தில் உள்ள ஐந்தாவது நிபந்தனை. ஆக, 45 நாள் என்று சொல்லிக் கொடுத்த நோட்டை, வாங்கிய அன்றைக்கு விட்டால் ஜூன் 11, 12 ஆகிய இரண்டே நாட்களில்தான் பயன்படுத்தியிருக்க முடியும். இந்தத் துறையில் ஜூன்-ஜூலையிலும் டிசம்பர்-ஜனவரியிலும் பழைய சரக்கைத் தள்ளிவிட்டுப் புதிய சரக்கு இறக்குவது ஆண்டுதோறும் நடப்பது. தள்ளுபடி எப்போது தொடங்கும் என்பது கடைக்குத் தெரியாமல் இருக்க வழியில்லை. இடையில் ஒருநாள் விசாரிக்கப் போனபோது, நான் வாங்கிய அதே செட் பாதி விலையில் தொங்கியது. ஜூலை 28 அன்று போனேன். நோட்டு மூன்று நாள் முன்பே காலாவதியாகிவிட்டதாம்.

ஜெயநகர் கிளையில் கேட்டுப் பார்த்தேன். “அது ஃபிரான்சைஸ் கடை, அவங்க நோட்டு இங்க எடுக்காது” என்றார்கள். பில்லை அப்போதுதான் கூர்ந்து பார்த்தேன். பெயர்ப்பலகை ஒன்றாக இருந்தாலும், பில்லில் இருந்த நிறுவனப் பெயரும் ஜிஎஸ்டி எண்ணும் வேறொருவருடையவை. எங்கே வாங்கினாலும் எங்கே வேண்டுமானாலும் மாற்றலாம் என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பது இத்தகைய கடைகளில் நடக்காது.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன் பிரிவு 2(47)ஐப் பிறகுதான் படித்தேன். குறையுள்ள பொருளைத் திரும்ப எடுத்துக்கொண்டு பணத்தைக் கொடுக்க மறுப்பது நேர்மையற்ற வணிக நடைமுறை என்றே அது சொல்கிறது. பில்லில் கெடு எதுவும் குறிப்பிடாவிட்டால் 30 நாள் என்று கணக்கு. நிறம் பிடிக்கவில்லை, மனம் மாறிவிட்டது என்று திருப்பிக் கொடுப்பது வேறு. அதற்கு நோட்டு கொடுத்தால் குறைசொல்ல முடியாது. கிழிந்த துணிக்கு நோட்டை நீட்டினால் வாங்காதீர்கள். பணம் வேண்டும் என்று மேலாளரிடம் எழுத்தில் கொடுத்து, நகலில் தேதியும் கையெழுத்தும் கேளுங்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்தேன். ஆறாம் நாள் நிறுவனத்திலிருந்து அழைத்து, நல்லெண்ண அடிப்படையில் 90 நாள் செல்லும் புதிய நோட்டு தருவதாகச் சொன்னார்கள். மறுபடியும் நோட்டா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். இப்போது நுகர்வோர் வழக்குகளை இணையத்தில் பதியும் இ-ஜாக்ரிதி தளம் வழியாக மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு மனு தயார் செய்கிறேன். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, வழக்கறிஞரும் கட்டாயமில்லை.

இதுபோன்ற நோட்டு கையில் வைத்திருப்பவர்கள் இன்றே இருபுறமும் படம் எடுத்து வையுங்கள். வெப்பத்தாளில் அச்சிட்டது என்பதால், என் நோட்டில் தேதி ஏற்கெனவே மங்கத் தொடங்கிவிட்டது.